சிவனாண்டியின் பன்னிரண்டாயிரம் அடி

தினமும் விடிந்ததும் மூன்று மைல் நடப்பேன் என்று மனைவி முனீஸ்வரியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான் சிவனாண்டி. சத்தியம் மூன்று நாள் தாங்கியது.

அவனுக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருடம். முனீஸ்வரிக்கு அந்த வியாதியோடு பழைய பகை. அவள் அப்பாவுக்கு முதலில் கட்டைவிரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். அதனால்தான் அடி எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிப் புருஷன் கையில் கட்டிவிட்டாள்.

நான்காம் நாள் மாட்டுத்தாவணி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் கண்ணில் நல்லகாமன் பட்டான். பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். வண்டிக்கும் கடைக்கும் நடையாய் நடக்கிறவன். கடிகாரம் அவன் கைக்கு மாறியது. ஒன்பது மணிக்குத் திரும்பி வரும்போது அதில் பன்னிரண்டாயிரம் அடி இருக்கும். அதற்குள் சிவனாண்டி இரண்டு உளுந்தவடையையும் ஒரு செய்தித்தாளையும் முடித்திருப்பான். வீட்டில் ராஜ மரியாதை. முனீஸ்வரி கடிகாரத்தை வாங்கி, முகத்தருகே வைத்துப் பார்த்துவிட்டு ஆணியில் மாட்டுவாள்.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் காலைச் சோதித்தார்கள். கெண்டைக்காலில் குட்டி விளக்கு ஒன்றை ஒட்டி, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார்கள். முப்பதாவது தடவையில் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. உட்கார்ந்த பிறகுதான் சோதனையே ஆரம்பம். சதைக்குள் மயிரிழை போல ரத்தக்குழாய்கள் உண்டாம். நடந்து பழகிய கால் வேலையை நிறுத்தியதும் அவற்றில் ரத்தம் குபுகுபுவென்று பாயுமாம், திரையில் கோடு சட்டென்று ஏறுமாம். சிவனாண்டியின் கோடு, டீக்கடை பெஞ்சை விட்டு அவன் எழுந்திருக்கிற வேகத்தில் ஏறியது.

நடக்காதவர் என்றால் பயமில்லை, நடந்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா. முனீஸ்வரி பையிலிருந்து கடிகாரத்தையும் மூன்று மாதமாய்க் குறித்து வைத்த கணக்கையும் எடுத்து நீட்டினாள். டாக்டரம்மாவின் முகம் மாறியது. இவ்வளவு நடந்தும் இப்படி என்றால் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம், தொடை வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுக்க வேண்டியிருக்கும், திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்றார்.

வராந்தாவில் முனீஸ்வரி அழுதாள். சத்தமே இல்லை, முந்தானை மட்டும் நனைந்தது. பிறகு வடக்கே அழகர்கோயில் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அழகரே, இவுக காலுக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிட்டா, ஒரு வருசம் சனிக்கிழமை தவறாம ஒன் கோயிலுக்கு நடந்தே வருவாக."

சிவனாண்டிக்கு நெஞ்சு உருகிவிட்டது. பாவி, இவளையா இப்படி அழவைத்தோம் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"அழாத முனீசு. எங்காலுக்கு ஒண்ணுமில்ல. அம்புட்டும் நல்லகாமன் நடந்த நடை."

அவள் கண்ணைத் துடைத்தாள். "தெரியும். மூணு மாசமா வாட்ச்சு வாருல மல்லிகப்பூ வாசம்."

"தெரிஞ்சுமா அழுத?"

"எங்கப்பாவும் இப்படித்தான் நடந்தேன் நடந்தேன்னு சொன்னாரு."

உள்ளே போய் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். போய்ச் சொன்னான், வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான்.

"காலுக்கு ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லிட்டீக. சாமி காரியம், தட்டக் கூடாது. வர்ற சனிக்கிழமை கெளம்பணும்."

அவன் தலையை ஆட்டிவிட்டுக் கடிகாரத்துக்குக் கையை நீட்டினான். அவள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது நல்லகாமனுக்கு. ஒங்களுக்கு நான் கூட வாரேன்."