ரதத்தில் ஏறிய படகு

ஒரு பொருளை வாங்குமுன் அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று யோசிக்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. முதலில் வாங்கிவிடுவேன். பிறகு அதன் பக்கத்தில் நின்று தலையைச் சொறிவேன்.

படகு வாங்கியதும் அப்படித்தான். மாசாயில் வீடு, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை, கூப்பிடு தூரத்தில் கடல். அப்படியிருந்தும் மீனைச் சந்தையில்தான் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். (எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்.) ஸ்கூடாய் ஊரில் ஒரு சீன அங்கிள் தன் ஃபைபர் படகை விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். பேசி முடித்துக் கையையும் குலுக்கிவிட்டேன். "சனிக்கிழமை வந்து தூக்கிட்டுப் போ. இல்லாட்டி அடுத்த ஆள் ரெடியா இருக்கான்" என்று மலாயில் சொல்லிவிட்டார். படகை இழுத்துவரும் டிரெய்லரை அவர் எப்போதோ விற்றுத் தீர்த்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் தாமான் குடியிருப்பின் அம்மன் கோயில் திருவிழா. எத்தனையோ பேரிடம் டிரெய்லர் கேட்டேன், கிடைக்கவில்லை. காலையில் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு திரும்பியபோது, கொட்டகையில் ரதம் நிற்கும் நான்கு சக்கர வண்டி கண்ணில் பட்டது. ரதத்தின் மேல்பகுதியை இன்னும் அதில் பூட்டவில்லை. ஆனால் நான்கு மூலையிலும் வாழைமரம் கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு முடித்திருந்தார்கள்.

கோயில் தலைவர் என் மனைவிக்கு மாமா முறை. காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி இங்க நிக்கணும். ராத்திரி அம்மா ஊர்வலம் போவணும்லா. தெரியுந்தானே?" என்றார்.

"அஞ்சு மணிக்கே நிக்கும் மாமா!"

என் மச்சான் குமாரின் பிக்கப்பில் வண்டியை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். "மாமா, இது சரியா வருமா?" என்று குமார் கேட்டுக்கொண்டே வந்தான். "வரும்" என்றேன். வேறு எந்தச் சொல்லும் அன்றைக்கு என் அகராதியில் இல்லை.

அங்கிளின் பக்கத்து வீட்டில் குடியிருந்த பல்கலைக்கழக மாணவர்கள் கைகொடுத்ததால் படகு வண்டியில் ஏறியது. என்ஜினைக் கழற்றிப் படகின் நடுவில் நிமிர்த்தி வைத்தோம். கீறல் விழக்கூடாது என்று அங்கிள் ஒரு மஞ்சள் சாட்டின் படுக்கை விரிப்பைத் தந்தார். அதை என்ஜினைச் சுற்றிக் கட்டினேன். படகின் பின்பகுதி வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் சிவப்புத் துணி கட்ட வேண்டுமே? நான் போட்டிருந்தது சிவப்புச் சட்டை. கழற்றிக் கட்டிவிட்டேன். என்ஜின் ஆடாமல் இருக்க நானே படகில் ஏறி அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டு.

இப்போது நீங்களே கற்பனை செய்து பாருங்கள். வாழைமரம், தோரணம், நடுவில் மஞ்சள் துணி சுற்றிய ஒன்று, பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறோடு சட்டையில்லாத ஓர் ஆள். போதாக்குறைக்குப் பிக்கப்பில் ஏர்கண்டிஷன் கெட்டுப்போய், திறந்த ஜன்னல் வழியாக அம்மன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

பாதி வழியில் ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்தார். நான் என்ஜினை இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்தேன். வாழைமரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கோயில் வண்டியா?" என்று மலாயில் கேட்டார். குமார் தலையாட்டினான். (வண்டி கோயிலுடையதுதானே!) அவ்வளவுதான், அந்தப் புண்ணியவான் விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் போக ஆரம்பித்தார். சிக்னலில் மற்ற வண்டிகளை நிறுத்தி எங்களை விட்டார். என் பிடிவாதத்துக்கு அரசாங்கமே வழிவிடுகிறது என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

எங்கள் தாமானுக்குள் நுழைந்ததும்தான் விபரீதம் புரிந்தது. முன்னால் போலீஸ், பின்னால் பாட்டு. ரதம் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது என்று வாசலுக்கு வாசல் தட்டோடு ஓடி வந்தார்கள்.

"போன வருஷம் மயிலு, இந்த வருஷம் படகா! அழகா செஞ்சிருக்காங்கலா!"

"இன்னும் திரை எடுக்கல, அம்மா உள்ள இருக்காங்க."

முதல் வீட்டு அக்கா தேங்காயை உடைத்தே விட்டார். குமார் வண்டியை நிறுத்தாமல் என்ன செய்வான்? கற்பூரத் தட்டு என்ஜினுக்கு முன் சுற்றியது. "ஐயா, திருநீறு" என்று என் முன்னால் கைகளும் நீண்டன. உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். பெட்ரோல் வாசனைக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிடுகிறவர்களிடம் எப்படிச் சொல்வது? என் நெற்றியிலிருந்தே கொஞ்சம் வழித்துக் கொடுத்தேன்.

அடுத்தடுத்த வீடுகளும் விடவில்லை. எங்கள் வீட்டு வாசலிலோ என் மனைவி சரசு, பட்டுப்புடவையும் தட்டுமாக நின்றாள். மஞ்சள் துணியைப் பார்த்துக் கும்பிட்டவள், அடுத்து என்னைப் பார்த்தாள்.

"அலமாக்! என்னங்க, நீங்களா?"

"படகு வாங்கிட்டேன் சரசு. நீயாச்சும் கற்பூரம் காட்டாத."

"அக்கம்பக்கம் எல்லாம் பாக்குறாங்க. நாம மட்டும் காட்டலன்னா என்ன நெனப்பாங்க? பேசாம உக்காருங்க."

காட்டினாள். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டாள்.

ஆறு மணி நெருங்கிவிட்டது. படகை வீட்டில் இறக்க ஆளில்லை. முதலில் வண்டியை ஒப்படைப்போம் என்று கோயிலுக்கு விரட்டினோம். அங்கே இளைஞர்கள் ஓடி வந்து படகை அலாக்காகத் தூக்கி மைதானத்தில் வைத்தார்கள். ரதம் பூட்டினார்கள், அம்மன் நேரத்துக்கே புறப்பட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன், படகும் கீறலில்லாமல் வந்துவிட்டது! மறுநாள் காலை லாரியோடு போனேன், சரசுவும் கூட வந்தாள்.

தலைவர் மாமா படகின் முன்னால் நின்றிருந்தார். அதில் புதிதாகக் குங்குமம் வைத்திருந்தது.

"தாமானே கற்பூரம் காட்டியிருக்கு. இதுல போயி மீனப் புடிச்சு வெட்டுவியா?"

"தெரியாம காட்டிட்டாங்க மாமா!"

"ஒன் பொண்டாட்டி தெரிஞ்சுதானே காட்டுச்சு?"

சரசுவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். "என் கையால காட்டிட்டேங்க. இதுல புடிச்ச மீன எப்படிக் கொழம்பு வைப்பேன்? மனசு வரல" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோயிலில் அழுததால் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

படகு இன்றைக்கும் கோயிலில்தான் இருக்கிறது. திருவிழாவுக்குத் திருவிழா அதில் ஐஸ் கொட்டிச் சிராப் சர்பத் பாக்கெட்டுகளை அடுக்குகிறார்கள். என்னிடம் வந்த பிறகு அது பார்த்த தண்ணீர் அவ்வளவுதான். நான் சந்தையில் மீன் வாங்குகிறேன்.

போன மாதம் புது வாஷிங் மெஷின் வாங்கினோம். கடைக்காரர்கள் அதை வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து சரசு கத்தினாள்:

"மொதல்ல அத உள்ள தள்ளுங்க! யாராச்சும் கற்பூரம் காட்டிடப் போறாங்க!"