‘பரபரப்பு’ கைதான செய்தி

ஊரில் கொலை விழவில்லையே என்ற கவலையிலேயே உடம்பு இளைத்துப் போன நிருபர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ‘பரபரப்பு’.

அறுபதுகளின் கடைசியில் நான் அம்பத்தூரில் தந்தி குமாஸ்தா. மேனாம்பேட்டில் ஐந்து குடித்தனங்கள் இருந்த ஒரு ஸ்டோரில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த அறை. அவர் ஒரு காலைப் பத்திரிகையின் உள்ளூர் நிருபர். எதை எழுதினாலும் ‘இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது’ என்றுதான் முடிப்பார். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் அரை அடி ஏறினாலும் பரபரப்பு, இறங்கினாலும் பரபரப்பு. நிஜப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் ஆளிடம் பரபரப்பு மருந்துக்கும் கிடையாது. எழவு வீட்டிலிருந்து நேராக வந்தவர் மாதிரியே இருப்பார். காலையில் பல் தேய்க்கும்போதே பெருமூச்சு.

“என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?”

“உடம்பு நல்லாத்தான் கீது நைனா. ஊருதான் சரியில்ல. மூணு வாரமா ஒரு வெட்டு குத்து கெடையாது. எல்லாரும் ஒயுங்கா வேலைக்குப் போய்க்கினு வந்துகினு கீறானுங்கோ. வெளங்குமா?”

இந்த வியாதி ஒரு ஆங்கிலப் படத்தில் ஆரம்பித்தது. மவுண்ட் ரோடு தியேட்டர் ஒன்றில் காலைக் காட்சி. ஒரு நிருபர், ஒரு கொலை, ஒரு பணக்காரப் பெண், நடுநடுவே சிரிப்பு. ஏழு தடவை பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. வாய் அசைவதைப் பார்த்து வசனத்தை அவரே போட்டுக்கொள்வார். டீக்கடை பெஞ்சில் அந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும்.

“அந்தப் பொண்ணு மேல கொலைப் பயி வுயுது. ரிப்போர்ட்டர் இன்னா பண்றான்? நேரா ஸ்டேஷனுக்குப் போறான். ‘நான்தான் செஞ்சேன், என்னைப் புட்ச்சு உள்ள போடு’ன்றான். லவ்வு நைனா, லவ்வு!”

படத்தைப் பார்த்த கையோடு மூர் மார்க்கெட்டில் ஒரு தொப்பி வாங்கினார். தலைக்கு இரண்டு சைஸ் பெரிசு. சைக்கிள் மிதிக்கும்போது மூக்குவரை இறங்கும். அந்தத் தொப்பியால் இரண்டு முறை சாக்கடையில் விழுந்தார். இரண்டும் செய்தியாக வரவில்லை.

பக்கத்துக் குடித்தனத்தில் கஸ்தூரி இருந்தாள். அம்மாவும் அவளும்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் பட்டறை ஒன்றில் வேலை. அவளைப் பார்க்கும்போது மட்டும் இவர் முகத்தில் எழவுக் களை கொஞ்சம் குறையும். அவளோ, “இன்னா அண்ணாத்தே, இன்னிக்கு இன்னா நியூசு?” என்பாள். ஒவ்வொரு ‘அண்ணாத்தே’வுக்கும் அந்தக் களை திரும்பி வந்துவிடும். அவளுக்கு நூம்பலில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்தபோது, இவரும் பந்தியில் உட்கார்ந்து துக்க முகத்தோடு சாப்பிட்டார். அவர் எப்போதுமே அப்படித்தானே, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இங்கே தந்தி சமாச்சாரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்ச் செய்தியை இங்கிலீஷ் எழுத்தில் எழுதித்தான் தந்தி அடிப்போம். ஒரு முறை அவர் ‘பூந்தமல்லியில் சாராயம் விற்ற மாது கைது’ என்று கொடுத்தார். நானும் அப்படியே ‘madu’ என்று அடித்தேன். மறுநாள் பத்திரிகையில் ‘பூந்தமல்லியில் சாராயம் விற்ற மாடு கைது’. பத்திரிகை ஆபீசில் அவரை நிற்க வைத்துக் கிழித்தார்கள். அதிலிருந்து ‘மாது’வை விட்டார். ‘பெண்’ என்று போட்டால் பேன் என்று படிப்பார்கள் என்று பயந்து அதையும் விட்டார். எந்தப் பெண்ணாக இருந்தாலும் ‘அழகி’தான். பல்லே இல்லாத அறுபது வயதுக் கிழவி கோழி திருடி மாட்டினாலும் ‘அழகி கைது’. அதில் மட்டும் குழப்பம் வரவே வராதாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குத் தொப்பி மூக்கில் இறங்கத் தந்தி ஆபீசுக்கு ஓடி வந்தார்.

“அடி நைனா! எஸ்டேட்டுல ஒரு பொம்பளை. கூடையில செம்புக் கம்பி! கான்ஸ்டபிள் சொன்னாரு. பேரு ராஜேஸ்வரி, வயசு இருவத்திரெண்டு, மேனாம்பேடு.”

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடித்து அனுப்பினேன்.

கஸ்தூரிக்குப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் ராஜேஸ்வரி என்று பெயர். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நடந்தது வெறும் கூடைக் குழப்பம். பட்டறைப் பெண்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரிப் பச்சைக் கூடை. கம்பியை ஒளித்தவர் யாரோ, கூடை மாறி இவளிடம் வந்துவிட்டது. சாயந்திரமே போலீசார் விசாரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் காலையில் பத்திரிகை வந்தது: ‘செம்புக் கம்பி திருடிய அழகி கைது.’

திருடி என்றிருந்தால்கூட ஊர் மறந்திருக்கும். அழகி என்பதை மறக்கவில்லை. நூம்பலிலிருந்து மாப்பிள்ளையின் மாமா வந்தார். “அயகின்னு போட்டுக்கீதே, அதுக்கு இன்னா அர்த்தம்?” என்று வாசலில் நின்றே கேட்டார். நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. கஸ்தூரி வேலைக்குப் போவதை நிறுத்தினாள். அறையை விட்டு வெளியே வரவில்லை. அவள் அம்மா மட்டும் குழாயடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார்.

‘பரபரப்பு’ தன் பத்திரிகை ஆபீசுக்குப் போய், அவள் குற்றமற்றவள் என்று போடும்படி கெஞ்சினார். அங்கிருந்த உதவி ஆசிரியர் தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம். “ஒருத்தி திருடலைன்னா அது செய்தியாய்யா? ஊர்ல முக்காவாசிப் பேரு திருடலை. எல்லார் பேரையும் போடவா?”

எட்டு நாள் தொடர்ந்து எட்டுத் தந்தி கொடுத்தார். எட்டையும் அடித்தேன். ஒன்றும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் நாலு மணிக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். ‘அப்பாவிப் பெண்ணின் கூடையில் கம்பியை ஒளித்த நிருபர் கைது. பெண் குற்றமற்றவர் எனத் தெரியவந்தது.’ ‘அழகி’யை விட்டுப் ‘பெண்’ என்றே எழுதியிருந்தார். நிருபரின் பெயரும் இருந்தது. அவருடைய நிஜப் பெயரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

“எப்ப அண்ணே கைது பண்ணாங்க?”

“இன்னும் இல்ல. இனிமேதான் போவணும். நீ அட்ச்சு வுடு. நாலரைக்குள்ள போனாத்தான் காலைப் பேப்பர்ல வரும்.”

அந்தப் படத்தை ஒரு முறை நானும் அவரோடு பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷுக்கே விஷயம் புரிந்தது. அதில் நிருபர் ஜெயிலுக்குப் போவது பெண்ணுக்காக அல்ல, உள்ளேயிருந்து எழுதினால் பத்திரிகை கூடுதலாக விற்கும் என்பதற்காக. தியாகம் முழுக்க இவராகப் போட்டுக்கொண்ட வசனம். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

“அண்ணே, இது பைத்தியக்காரத்தனம்” என்று மட்டும் சொன்னேன்.

“நியூசைத் தடுக்க உனக்கு ரைட்டு இல்ல நைனா. அடி.”

அடித்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போனார்.

மூன்றாம் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டார்கள். ஊர் உண்மையாகவே பரபரப்படைந்தது. நூம்பல்காரர்கள் மறு வாரமே தட்டோடு திரும்பி வந்தார்கள். பத்தொன்பது நாள் இவர் உள்ளே இருந்தார். பிறகு பட்டறைக் காவல்காரர், ‘இந்தாளை நான் ஒரு நாளும் கேட்டுக்குள்ளே விட்டதில்லை’ என்று சொன்னதும், போலீசார் திட்டி வெளியே அனுப்பினார்கள். அந்தச் செய்தி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

அழைத்துவர நான்தான் போனேன்.

“கண்ணாலம் ஆச்சா?”

“ஆச்சு அண்ணே.”

“சாப்பாடு?”

“வடை பாயசத்தோட.”

“நல்லா இருக்கட்டும்” என்றார்.

மறுவீட்டுக்கு வந்த கஸ்தூரி அவரைக் குழாயடியில் பார்த்துவிட்டாள். அவளும் பத்திரிகையைப் படித்தவள்தானே.

“தூ! அண்ணாத்தே அண்ணாத்தேன்னு கூப்ட்டேனேடா. என் கூடையில கொண்டாந்து வெச்சியே, நீ நல்லா இருப்பியா?”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். நான் வாயைத் திறந்தேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் உள்ளே போன பிறகுதான் விட்டார்.

“சொல்லிட்டின்னு வையி, பேப்பர்ல வந்தது பொய்யாய்டும். பயி மறுக்கா அது மேலயே வந்து வுயும். தந்தி சமாச்சாரத்தை வெளிய சொல்ல மாட்டேன்னு ஆபீசுல சத்தியம் பண்ணிக் குட்த்துட்டுத்தானே வேலைக்கு வந்தே? வாயை மூடிக்கினு இரு.”

பத்திரிகை அவரை நீக்கியது. ஆவடிப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார். எழுபதுகளின் நடுவில் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தார். தூக்கிப் போக நாலு பேர் சேர்வதற்கே மதியமாகிவிட்டது. கம்பித் திருடன் என்ற பெயர் அதுவரைக்கும் அவரை விடவில்லை.

நான் ஓய்வுபெற்று வெகு காலமாகிவிட்டது. தந்தியே இல்லாமல் போன பிறகு தந்தி ரகசியம் எதற்கு? உன் பேரப்பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகிற வயது, இனி எந்தப் பழியும் உன்மேல் வந்து விழாது. அதனால் சொல்கிறேன் கஸ்தூரி. எங்கே இருந்தாலும் இதைப் படித்துவிடு. உன் கூடைக்குப் பக்கத்தில்கூட அவர் வந்ததில்லை, அம்மா. அவரைப் பைத்தியக்காரர் என்று சொன்னவன் நான்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.