புரூஃப்காரர் வீட்டுப் போன்

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் மெசேஜை அனுப்பியாக வேண்டும். அம்மா அவசர அவசரமாக எழுத்துகளைத் தட்டினாள். போன் அவளுடையது அல்ல, வீட்டுக்காரருடையது.

அவர் அச்சகத்தில் ஆங்கிலப் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துகிறவர். மகள் தானே பார்த்து முடித்துக்கொண்ட கல்யாணத்துக்கு ஆங்கிலத்தில் பத்திரிகை அனுப்பியிருந்தாள். மனுஷர் போகவில்லை. பத்திரிகையில் இருந்த கமா, கேப்பிடல் தப்புகளையெல்லாம் சிவப்பு மையில் திருத்தி, அவளுக்கே திருப்பி அனுப்பிவைத்தார்! அன்றோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. பெற்றவள் சும்மா இருப்பாளா? அவர் பேரில் தானே சமாதானம் பேச இறங்கிவிட்டாள். அவர் எழுதுவது எப்போதும் ஆங்கிலத்தில்தான். அவளுக்கோ அது அரைகுறை.

புள்ளி வைக்காமல் அவர் எதையும் விடமாட்டாரே என்று, சௌக்கியம் விசாரித்து வார்த்தைக்கு வார்த்தை புள்ளி வைத்தாள்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசறீங்களா அப்பா?" என்று பதில் வந்தது.

அடக் கடவுளே! மறுநாள் ஆச்சரியக்குறிகளை அள்ளித் தெளித்தாள்.

"கிண்டலா?" என்றாள் மகள்.

மூன்றாம் முறை, மரியாதையாக இருக்கட்டுமே என்று எல்லாமே கேப்பிடல் எழுத்து.

"கத்தாதீங்க. இனிமே எனக்கு எழுதவும் வேண்டாம்."

அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்த நூலையும் தானே அறுத்துவிட்டோமே!

"என்ன, என் போனைக் கட்டிக்கிட்டு அழறே?" துண்டோடு வந்து நின்றார் அவர்.

"வெங்காயம் உரிச்சேன்."

அவர் அவள் கையைப் பார்த்தார். வெங்காயம் இல்லை. எதையும் திருத்துகிற மனுஷர், அதை மட்டும் திருத்தாமல் போனை வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வாசல் மணி அடித்தது. திறந்தால் மகள்! பின்னால் பையும் கையுமாக மாப்பிள்ளை.

"அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" அம்மாவை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கூடத்தில் அவர் எழுந்து நின்றார். "இளைச்சுட்டியேடா," என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையைச் சமையலறைக்குள் இழுத்தாள். "மாப்பிள்ளை, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அந்த மூணு மெசேஜும் நான் அனுப்பினது. காட்டிக் குடுத்துடாதீங்க, புண்ணியமாப் போகும்."

"மூணா? நாலு வந்துச்சே அத்தை," என்றார் மாப்பிள்ளை. "அந்த நாலாவதைப் பாத்துதானே அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அலறியடிச்சுக்கிட்டுக் கிளம்பினா. 'கண்ணு வீட்டுக்கு வா'ன்னு இங்கிலீஷ் எழுத்துல இருந்துச்சு. கேப்பிடலும் இல்ல, கமாவும் இல்ல, கடைசியில ஒரு புள்ளிகூட இல்ல."