ஆட்டாத கோப்பை

விருந்துக்குப் போன இடத்தில் 'போதும்' என்று சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. போதாக்குறைக்கு அரைகுறைச் சொல்லாராய்ச்சி வேறு. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்ததில் செத்துப் பிழைத்தேன்.

விருத்தாசலத்தில் எனக்கு ஒரு சின்னப் பீங்கான் பட்டறை. அந்த வருடம் சூளை இரண்டு மாதமாகச் சில்லென்று கிடந்தது. அப்போதுதான் எங்கள் தெரு ஜப்பார் பாய் மகள் கல்யாணத்துக்கு, வளைகுடாவில் அவர் வேலை பார்த்த இடத்து அரபு முதலாளியே வந்திறங்கினார். அங்கே அவருக்கு நாலைந்து ஓட்டல்கள்.

"புடியில்லாத சின்னக் கப்பா செஞ்சு எடுத்தாங்கண்ணே. புடிச்சிப்போச்சுன்னா வருசம் பூரா வேலை இருக்குது" என்றார் பாய்.

கப்போடு ஒரு பேச்சையும் தயார் செய்தேன். பீங்கான் என்றால் நமக்கு இந்தச் சரக்கு. மலாய்க்காரருக்கு 'பிங்கான்' சாப்பாட்டுத் தட்டு. அரபியில் 'ஃபிஞ்சான்' காபிக் கோப்பை. பூர்வீகம் பாரசீகம், அங்கே அது கிண்ணம். அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்குவதை வைத்து நேரம் பார்த்தார்களாம். (கண்ணாடி முன்னால் மூன்று நாள் ஒத்திகை. மனைவி விமலா மலாய்த் தட்டு வருவதற்குள்ளேயே தூங்கிவிட்டாள்.)

பாய் வீட்டில் முதலாளி எதிரே உட்கார்ந்தேன். நான் செய்த கப்பிலேயே பாய் ஏலக்காய்க் காபி ஊற்றினார். இரண்டே மடக்கு. குடித்துவிட்டு நீட்டினேன்; மறுபடி ஊற்றினார். வேண்டாமென்றால் முதலாளி மனம் கோணுமே, ஆர்டர் போய்விடுமே என்று குடித்தேன். மறுபடி ஊற்றினார். இடையிடையே என் ஆராய்ச்சியை எடுத்துவிட்டேன், பாய் அரபியில் சொன்னார், முதலாளி தலையாட்டினார்.

ஒன்பதாவது கப்பில் என் இதயத் துடிப்பு எனக்கே கேட்டது. பதினொன்றாவதில் இடதுகை மரத்துப்போனது. மாரடைப்பேதான். பாரசீகக் கிண்ணம் மாதிரி நிரம்பி மூழ்கிக்கொண்டிருந்தேன். விமலாவிடம் லாக்கர் சாவி இருக்குமிடம் சொல்லவில்லையே என்ற கவலையில், பிடித்திருந்த கப்போடு வலதுகை வெடவெடவென்று ஆடியது.

பாய் சட்டென்று காபிக் கூஜாவை நிமிர்த்தினார்.

"எப்படா ஆட்டுவீங்கன்னுதாண்ணே பாத்துக்கினு இருந்தேன். அரபுக்காரங்க வழக்கத்துல கப்ப ஆட்டுனாதான் போதும்னு அர்த்தம். அதுவரைக்கும் ஊத்தியே ஆவணும். மொதலாளி முன்னாடி மொறைய மீற முடியுங்களா?"

அப்பாடா என்று நகர்ந்தபோதுதான் தெரிந்தது, இடதுகை மேலேயே இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆர்டர் கிடைத்தது. பதினோரு தடவை ஒருவன் ஆசையாகக் குடிக்கிறான் என்றால் கப்பு வாய்க்கு அவ்வளவு இதமாக இருக்கவேண்டும் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டாராம். என் ஆராய்ச்சியை எப்படி மொழிபெயர்த்தீர்கள் என்று பாயைக் கேட்டேன்.

"அது எதுக்குண்ணே? உங்களுக்குக் காபின்னா உசுருன்னு சொன்னேன்."

சூளை இன்றைக்கும் சூடாகத்தான் இருக்கிறது. வீட்டில்தான் மரியாதை போய்விட்டது. ஏதாவது ஒரு சொல்லின் பூர்வீகத்தை நான் ஆரம்பித்தால் போதும், விமலாவும் என் மகளும் ஆளுக்கொரு காலி டம்ளரை எடுத்து ஆட்டுகிறார்கள்.