பிரேக்குக்குச் சந்தனம் வைத்தவர்

அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஓடிய லாரிகளில் ஜுரம் தொட்டுப் பார்க்காத சக்கரம் ஒன்றாவது இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஜுரம் என்பது இங்கே ஒரு மனிதரின் பெயர். மேனாம்பேட்டில் வீடு, சொந்தமாக ஒரே ஒரு தண்ணீர் லாரி. அதற்கு முதலாளி, டிரைவர், மெக்கானிக் மூன்றும் அவரே. வண்டி எங்கே நின்றாலும் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். அளவுக்கு மீறிச் சுட்டால் உள்ளே பிரேக் விடாமல் உரசுகிறது என்று பொருள். "ஜுரம் அடிக்குது" என்பார். பெயர் அப்படி வந்தது. அவருடைய சொந்தப் பெயரை ரேஷன் கார்டில் மட்டும்தான் எழுதியிருந்தார்கள்.

தன் வண்டியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸின் சக்கரத்தையும் தொடுவார். கண்டக்டர் விசில் ஊதினால், "இருப்பா, பாத்துகினு கீறேன்ல" என்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ அலங்காரத்தோடு வந்து நின்ற காரைத் தொட்டார். மேளத்தை நிறுத்தச் சொன்னார். "பின்னாடி சோத்தாங்கைப் பக்கம் நூத்தி மூணு டிகிரி. மாப்ள நடந்தே வரட்டும்" என்று அறிவித்தார். மாப்பிள்ளை நடந்துதான் வந்தார்.

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கரையான்சாவடி மெயின் ரோட்டில் இருந்த ஒரு பிரேக் சர்வீஸ் பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். அப்பா வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டிவிட்ட வருஷம் அது. திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக்குள் வந்த ஒரே சம்பளம் என்னுடையது. அதுவும் நிரந்தரமில்லை. சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "பொம்பளப் புள்ளன்னு நான் ஒண்ணும் நினைக்கலம்மா. ஆறு மாசம் பாப்பேன். ஆனா நீ கையெழுத்துப் போட்டு அனுப்பின வண்டி பிரேக் கம்ப்ளெயிண்டோட திரும்பி வந்துச்சுன்னா, அன்னிக்கே கணக்கு முடிச்சிடுவேன்."

நான் பதினான்கு அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் பட்டறை வாசலில் ஒரு டீக்கடை. ஜுரம் அங்கேதான் நிற்பார். விலை கேட்டுவிட்டு வெளியே வரும் லாரிக்காரரை மடக்குவார். "எவ்ளோ சொன்னாங்க? இன்னாது! அட, ஜாக்கி நான் தர்றேன் நைனா. ஊட்டாண்டயே கயட்டி மாட்டிக்கலாம் வா." இப்படி ஒரே வாரத்தில் மூன்று வண்டிகளைத் திருப்பி அனுப்பினார். முதலாளி ரத்தக் கொதிப்பு மாத்திரையை இரண்டு வேளையாக்கினார்.

பேசிப் பயனில்லை என்று நான் ஜுரத்தின் லாரிக்கே ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன். இடது பக்கம் பட்டறைச் செலவு: லைனிங், ரிவிட், டிரம் கடைசல், ஆயில் சீல், கிரீஸ், கூலி. வலது பக்கம் அவரே செய்தால் ஆகும் செலவு. பொருள்கள் அதேதான், கூலி மட்டும் இல்லை.

"பாத்தியா?" என்றார் ஜுரம். "என் கைக்கு நானே கூலி குடுக்கணுமா இன்ஜினியரம்மா?"

நான் வலது பத்தியில் தொடர்ந்து எழுதினேன். வண்டி ஓடாத இரண்டு நாள். உதவிக்கு வரும் நாலு பேருக்கு டீ, பரோட்டா. அவர்களோடு போய்விடும் ஸ்பேனர். பிறகு இடுப்புக்குத் தைலம்.

"இதெல்லாம் செலவாமா? இதெல்லாம் வாழ்க்கை."

அன்று சாப்பாட்டுக் கேரியரோடு அவர் மனைவி வந்திருந்தார். தாளை வாங்கி முழுக்கப் படித்தார். "என் இட்லி அண்டாவ உட்டுட்டியேமா," என்றார். "ஒவ்வொரு தபாவும் பேரிங்க கெரசின்ல ஊறப் போட இவருக்கு அதான் வோணும். அப்பால ஒரு மாசத்துக்கு இட்லி மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். எழுது." எழுதினேன். ஜுரம் அண்டா இருந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவருடைய லாரி எங்கள் பட்டறைக்குள் வந்தது.

நான்கு சக்கரங்களையும் கழற்றி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினோம். டிரம்மை உரசி வண்டியை நிறுத்தும் லைனிங்கை ரிவிட் அடித்துப் பொருத்துபவர் பக்திமான்; நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுவோம். இரவல் வாங்கியதுபோல் எதையும் மெதுவாகக் கையாளுவார். அந்த வண்டிக்குப் புது லைனிங் அடித்ததில் மிக நேர்த்தியாக வந்த ஒரு ஜோடியைப் பூஜைப் பலகையில் ஏற்றி வைத்தார்.

மறுநாள் பூஜை. ஜுரம் குளித்துவிட்டுப் பூசணிக்காயும் எலுமிச்சம்பழமுமாக வந்தார். பழம் வைக்கச் சக்கரமில்லை. யோசித்துவிட்டு, ஸ்டாண்டுகளின் கால்களுக்கு அருகே ஒவ்வொன்றாக வைத்தார். பெரியவர் கருவிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்தார். உதிராமல் இருக்க நல்லெண்ணெயில் குழைத்த சந்தனம். பலகையில் இருந்த புது லைனிங்குக்கு மட்டும் மூன்று விரலால் தாராளமாகப் பட்டை இழுத்தார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கற்பூரம் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

விஜயதசமி காலையில் பூட்டினோம். அந்த ஜோடி பின்பக்க இடது சக்கரத்துக்குப் போனது. பதினான்கு அம்சங்களையும் சரிபார்த்தேன். லைனிங்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காமல் வழுக்கும் என்பது முதலாண்டுப் பாடம். நான் அந்தப் பட்டையைப் பார்த்தேன். சந்தனமாகப் பார்த்தேன், எண்ணெயாகப் பார்க்கவில்லை. பூஜையில் வைத்ததைத் துடைக்க யாருக்கும் கை வந்திருக்காது. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் முற்பகல் ஜுரம் லாரியை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்து பட்டறைக்குள் நிறுத்தினார். தொட்டி நிறையத் தண்ணீர். முதல் நடையிலேயே, ஒரு பூக்காரம்மா குறுக்கே வர, பிரேக் அடித்திருக்கிறார். வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், எதிரே வந்த சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கிறது. இறங்கிச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

"மூணு சுடுது," என்றார் தணிந்த குரலில். "பின்னாடி பீச்சாங்கைப் பக்கம் ஜில்லுனு கீது. அது வேலையே செய்யலமா."

டிரம்மை இழுத்ததும் கோயில் வாசனை வந்தது. லைனிங் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. ஓரத்தில் மட்டும் மூன்று விரல் பட்டையின் நுனி மஞ்சளாகத் தெரிந்தது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். ஜுரம் மெதுவாக இன்னொன்றும் சொன்னார். அந்தச் சைக்கிளில் பின்னால் ஒரு குழந்தை இருந்ததாம்.

முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து வந்தார். குனிந்து பார்த்தார். "யார் வேலை இது?"

"சார், நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"அவங்க கையெழுத்துப் போட்டு சோக்கா குடுத்தாங்க சார்," என்று ஜுரம் குறுக்கே புகுந்தார். "நான்தான் சும்மா கெடக்காம காத்தால ஊட்டாண்ட டிரம்ம தொறந்து சாமி கும்ட்டேன். பூஜை அன்னிக்கு வண்டி இங்க கெடந்துதுல்ல? பிரேக்குக்குப் பொட்டு வெக்கலயேன்னு மனசு கேக்கல."

வேறு யார் சொல்லியிருந்தாலும் முதலாளி நம்பியிருக்க மாட்டார். மாப்பிள்ளையை நடக்க வைத்தவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? வயிறு குலுங்கச் சிரித்தார். "ஊருக்கே பிரேக் பாடம் எடுத்தியேயா! லைனிங்குக்குச் சந்தனமா?" டீக்கடை வரை கேட்டது. அங்கிருந்த டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முப்பது வருஷத்தில் பிரேக்கில் ஒரு தப்புக்கூடச் செய்ததில்லை என்று அவர்களிடம்தான் அவர் தினமும் மார் தட்டுவார்.

அவர் போகும்போது பின்னாலேயே ஓடினேன். "ஏண்ணே இப்படிச் சொன்னீங்க?"

"எனக்கு இன்னாமா, ஏற்கெனவே லூசுன்றானுங்க. இதுவும் அதோட சேந்துகினு போவும். நீ இப்பத்தான் வந்துகீற." வண்டியில் ஏறிக்கொண்டே, "சந்தனம் நல்லா வாசனையாத்தான் இருந்துச்சு," என்றார்.

ஆறு மாதம் முடிந்ததும் என் வேலை நிரந்தரமானது. பட்டியலில் பதினைந்தாவது அம்சம் சேர்ந்தது. முதலாளியிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல நினைத்த ஒவ்வொரு மாதமும் சம்பள நாள் வந்து போனது.

அதன் பிறகு ஜுரம் டீக்கடைப் பக்கம் வந்தால் டிரைவர்கள் விடமாட்டார்கள். "இன்னா அண்ணாத்தே, கிளட்சுக்கு எப்போ காது குத்தறே?" "கியர் பாக்ஸுக்கு மொட்ட அடிச்சாச்சா?" அவரும் சேர்ந்து சிரிப்பார். "பத்திரிகை வெக்கறேன், மொய் எடுத்துகினு வாங்கடா" என்பார். நான் கையில் வேலைத்தாளோடு பட்டறை வாசலில் நின்றிருப்பேன். டீ தீரும் வரை அவர் என் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். ஒருமுறை பார்த்துவிட்டால் நான் எல்லோர் முன்பும் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.