மாமனாரின் பிக்கப்பும் என் ஐந்து நாள் ஆராய்ச்சியும்

வீட்டில் ஏதாவது பழுதானால் மற்றவர்களுக்குக் கவலை வரும். எனக்கு உள்ளூரச் சந்தோஷம் வரும். இதை ஒப்புக்கொள்ளவே நாற்பது வயது ஆகிவிட்டது. (மிக்ஸியைக் கழற்றிய கதையை என் மனைவி தனியாக வைத்திருக்கிறாள்.)

மூன்று வருடத்துக்கு முந்தைய மார்கழி. பரமத்தி வேலூர் பக்கம் மாமனார் வீட்டில் இருந்தோம். வெற்றிலைக் கட்டு ஏற்றும் அவருடைய டீசல் பிக்கப், காலையில் கிளப்பினால் வெள்ளைப் புகையாகக் கக்கியது. இரண்டு மூன்று கிலோமீட்டர் வரை இழுவையே இல்லை. சூடேறிவிட்டால் சொன்னபடி கேட்கும். மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம் என்றார் மாமனார். நான் தடுத்துவிட்டேன். வங்கியில் கிளார்க்காக இருந்தாலும், செல்போனில் நான்கு வீடியோ பார்த்திருந்தேனே.

டீசலில் தண்ணீர் என்று முடிவுகட்டி டீசல் ஃபில்டரை மாற்றினேன். அடுத்து ஏர் ஃபில்டர். ஐந்தாம் நாள் மத்தியானம் வெயிலில் ஓட்டிப் பார்த்தேன். குதிரை மாதிரி ஓடியது. (வெயிலில் அது எப்போதுமே அப்படித்தான் ஓடும் என்பது எனக்கு உறைக்கவில்லை.)

மறுநாள் காலை கொழுந்தியாள் தாரணிக்கு நாமக்கல்லில் பரீட்சை. ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கு இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எட்டரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஆறேகால் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றவளை, வண்டிதான் சரியாகிவிட்டதே என்று உட்காரவைத்து இட்லி சாப்பிடச் சொன்னவன் நான்தான்.

ஏழு மணிக்குக் கிளப்பினேன். வாசலே தெரியாத அளவுக்குப் புகை. எப்படியோ நகர்ந்தது. வாய்க்கால் ரோட்டில், வாழைத் தோப்புக்கு நடுவே ஒரு வேகத்தடையில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினேன். முனகல்தான் வந்தது. தாரணி ஊருக்குப் போன் போட்டாள். ஆட்டோ வர அரை மணி ஆகுமாம். மணி ஏழு இருபது.

ஃபில்டரில் காற்று அடைத்திருக்கும் என்று இறங்கி ஒரு நட்டைத் தளர்த்தினேன். காற்று வரவில்லை, டீசல் வந்தது, முகத்திலிருந்து சட்டை முழுக்க. மறுபடியும் சாவியிடம் ஓடினேன்.

"சாவிய உடுங்க மாமா. பேட்டரி போச்சுன்னா அவ்வளவுதானுங்க" என்றாள் தாரணி. "ஹீட்டர் பிளக்குக்குக் கரண்டு போகுதான்னு பாத்தீங்களா?"

குளிர்ந்த டீசல் என்ஜினைக் கிளப்புமுன் உள்ளே சூடேற்றுவது அந்த பிளக்தான். என் நான்கு வீடியோவிலும் அது இல்லை. பரீட்சைக்குப் போகிறவள் கையில் கறை படக்கூடாது என்று நான் மறித்தேன். அவள் ஹால் டிக்கெட்டை என்னிடம் திணித்துவிட்டுப் பானெட்டுக்குள் குனிந்தாள். நட்டை இறுக்கினாள். வயர் வயராகத் தொட்டுப் போனவள் ஒன்றில் நின்றாள்.

"இந்த ஹீட்டர் பிளக் வயரப் புடுங்கி ஹார்னுக்குக் குடுத்தது யாருங்க?"

அதற்கு முந்தின மாதம் ஆசை ஆசையாக நான் மாட்டிய மியூசிக் ஹார்ன். நோயும் நான்தான், வைத்தியனும் நான்தான்.

வயரை மாற்றிச் சொருகி, டீசல் பம்பைக் கையால் அமுக்கி, சாவியைப் பாதி திருப்பி இருபது எண்ணச் சொன்னாள். எண்ணினேன். பதினைந்துக்கு மேல் என் வாயில் எண்ணே வரவில்லை. "இப்பத் திருப்புங்க" என்றாள். பேட்டரி இழுத்து இழுத்து ஒரு சுற்று, இரண்டு சுற்று... பிடித்துக்கொண்டது. ஏழு ஐம்பது.

எட்டு இருபத்தெட்டுக்குக் கேட்டருகே குதித்து ஓடினாள். கையெல்லாம் கறுப்பு. ஹால் டிக்கெட் ஓரத்தில் என் கட்டைவிரல் அளவுக்கு டீசல் கறை. அவள் நுழைந்த பின்னால் கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

மரத்தடியில் உட்கார்ந்தேன். மகளைக் கொண்டுவந்து விட்ட ஒருவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, தன் வேனில் என்னவோ சத்தம் வருவதாகவும் கொஞ்சம் பார்க்க முடியுமா என்றும் கேட்டார்.

"நான் டிரைவருங்க" என்றேன். "மெக்கானிக் உள்ள பரீட்ச எழுதுது."

தாரணி தேறிவிட்டாள், இன்று ஆய்வாளர். அந்தக் குடும்பத்தில் யாருக்காவது காய்ச்சல், தலைவலி என்றால் மாமியார் இப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "மாப்பிள்ளைகிட்ட மட்டும் காட்டிராதீங்க. அஞ்சு நாள்ல வேற நோயக் கண்டுபுடிச்சிருவாரு."