உன் அக்காவின் படம் தாமதமான காரணம்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முதுகுவலியும் சுகம். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் எங்கள் இருவரையும்விடச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அக்கா போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம், சுவரில் மாட்ட அவளுடைய நல்ல படம் ஒன்று வேண்டும் என்று கேட்டாய். அது ஆயிற்று ஐந்து மாதம். படம் முடிந்துவிட்டது; இத்துடன் இணைத்திருக்கிறேன். வீட்டுப் போட்டோக்கள் அத்தனையையும் எடுத்தவள் அவள்தான் என்பதால் நானும் மகளும் விதவிதமாகச் சிரிக்கிறோம், அவள் எதிலும் இல்லை. இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்று. அதில் யாரையோ அடிக்கப் போகிறவள்போல முறைக்கிறாள். முப்பத்துநான்கு வருஷம் தண்ணீர்க் குழாய்களுக்கு டிராயிங் போட்டவனுக்கு ஒரு முகம் வராதா என்ற திமிரில் நானே வரையத் துணிந்தேன். மகள் தன் பழைய டேப்லெட்டையும் அதற்கான பேனாவையும் கொடுத்தாள். பதினோரு நாள் உட்கார்ந்து, முடி முடியாக, கோடு பிசகாமல் வரைந்து காட்டினேன். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, இது அம்மா இல்ல. அம்மாவுக்கு யாரோ போட்ட பிளான்" என்றாள்.

அவளே ஓர் இணைய வகுப்பில் சேர்த்தும் விட்டாள். வாத்தியாருக்கு அவளைவிட வயது குறைவு. கோடு போடாதீர்கள், பெரிய பிரஷ்ஷை எடுத்து எண்ணெய் வர்ணம்போல அப்புங்கள், பெரிதாக்கிப் பார்க்காதீர்கள், தப்பானால் அழிக்காதீர்கள் என்றார். என் உத்தியோகத்தில் இதில் ஒன்றைச் செய்திருந்தாலும் ஊர் மிதந்திருக்கும். ஆனாலும் அப்பினேன். பார்த்த கீழ்வீட்டுத் தையல்கார அம்மா, பூசணிக்காய் தத்ரூபமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். அடுத்த முறை திருட்டுத்தனமாகப் பெரிதாக்கி மூன்று நாள் ஒரே கண்ணை வரைந்தேன். சிறிதாக்கிப் பார்த்தால் கண் அச்சு அசல் அவளுடையது, இருப்பது காதின் இடத்தில். அதற்கடுத்த முறை கன்னத்து மச்சத்தை வைக்கப் போனேன். எந்தக் கன்னம் என்று தெரியவில்லை. முதல் வருஷம் வரைந்த வால்வின் அளவு இன்றைக்கும் மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்வேன். இருபத்தொன்பது வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளின் மச்சம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தால் சரியாக அங்கே முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். மகளிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

கண்ணைச் சுருக்கி, வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் பாருங்கள் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். சுருக்கினேன். சமையலறை ஜன்னலோரம் பாதி திரும்பி உட்கார்ந்திருந்தவள் வந்தாள். கழுத்துக்கு ஓர் இழுப்பு, தோளுக்கு ஓர் இழுப்பு, கன்னத்தில் பாதி. சுருக்கிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு திரையில் விழ, டேப்லெட் அதை என் விரல் என்று நினைத்துக் கூந்தலில் வெள்ளையாக ஒரு கீற்றை இழுத்துவிட்டது. அழிக்கப் போனேன். பின்னால் நின்ற மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கப்பா. அம்மா ஏதாவது கேப்பாங்க, நீங்க பதில் சொல்லாம வரைஞ்சுக்கிட்டே இருப்பீங்க. அப்ப இப்படித்தான் திரும்பி உக்காருவாங்க."

என்ன கேட்டாள் என்பதும் எனக்கு ஞாபகமில்லை.

கிட்டப் போய்ப் பார்க்காதே, வெறும் பூச்சுதான் தெரியும். ஆறடி தள்ளி நின்று பார். குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் வீட்டில் எந்தக் குறையும் வராமலிருக்கட்டும்.

உன் அத்தான்

பி.கு.: உறையைக் கவிழ்த்துத் தட்டாதே, அச்செடுத்த படம் உள்ளே இல்லை. ஒட்டும்போது எடுத்துவிட்டேன். இன்னொரு பிரதி எடுத்தால் ஆயிற்று என்று உன் மனைவி சொல்லுவாள், நியாயம்தான். ஆனால் முடிந்துவிட்டது என்று மேலே எழுதியது பொய். தினமும் காலையில் தோளில் கொஞ்சம் வெளிச்சம் சேர்க்கிறேன், மறுநாள் எடுத்துவிடுகிறேன். இப்போதெல்லாம் பேசிக்கொண்டேதான் வரைகிறேன்.